தன்னார்வத் தொண்டின் கணக்கு: அமெரிக்க டேஷ்போர்டுகளைப் படிக்கப் பழகுவது எப்படி?

அமெரிக்காவில் எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளி ஞாயிற்றுக்கிழமைதோறும் வாடகைக்கு எடுத்த வகுப்பறைகளில் நடக்கிறது. பாடம் நடத்துபவர்கள், வாசலில் நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்துபவர்கள், டீ போடுபவர்கள், வரவு செலவு எழுதுபவர்கள் என்று எல்லாருமே சம்பளம் வாங்காமல் வருகிறவர்கள். சில வருடங்களுக்கு முன்பு ஒரு சிறு நிதியுதவிக்கு விண்ணப்பித்தோம். “அமெரிக்கர்களில் 30 சதவீதம் பேர் தன்னார்வத் தொண்டு செய்கிறார்கள்; எங்கள் பெற்றோரில் பாதிக்கு மேல் செய்கிறார்கள்” என்று அதில் ஒரு வரி. எழுதியது நான். விண்ணப்பத்தைப் படித்த அம்மையார் நிதானமாக இரண்டு கேள்விகள் கேட்டார்: “இந்த 30 எந்த வருடத்துக் கணக்கு? உங்கள் பெற்றோரிடமும் இதே கேள்வியைத்தான் கேட்டீர்களா?” இரண்டுக்குமே என்னிடம் பதில் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படத்திலிருந்து எடுத்த எண் அது.

அவர் கேட்ட இரண்டாவது கேள்வியைச் சுற்றித்தான் இந்தக் கட்டுரை. டேஷ்போர்டில், அதாவது எண்களை வரைபடமாகவும் பட்டியலாகவும் காட்டும் இணையப் பக்கத்தில், தெரிகிற ஒவ்வொரு எண்ணும் ஏதோ ஒரு வீட்டில் யாரிடமோ கேட்ட ஒரு கேள்விக்குக் கிடைத்த பதில். கேள்வி தெரியாத பதிலை வைத்துக்கொண்டு நம் சங்கத்தையோ ஊரையோ அளக்க முடியாது. இதைப் படிக்க நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஒரு பிரவுசர், கூட்டல் வகுத்தல் போடும் எக்செல் தாள், அரை நாள் பொறுமை போதும்.

எண் எங்கே பிறக்கிறது

அமெரிக்கத் தன்னார்வத் தொண்டு பற்றி நீங்கள் பார்க்கும் பெரும்பாலான எண்களுக்கு மூலம் ஒன்றுதான். அமெரிக்க அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகமான சென்சஸ் பீரோ மாதந்தோறும் சுமார் 60,000 வீடுகளை வைத்து ‘கரன்ட் பாப்புலேஷன் சர்வே’ என்ற கணக்கெடுப்பை நடத்துகிறது. செய்திகளில் வரும் வேலையின்மை விகிதம் இதிலிருந்துதான் கிடைக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை செப்டம்பரில், அதே வீடுகளிடம் கூடுதலாகச் சில கேள்விகளைக் கேட்கிறார்கள்: தொண்டு செய்தீர்களா, அக்கம்பக்கத்தாரோடு எப்படிப் பழகுகிறீர்கள், பொதுக் கூட்டத்துக்குப் போனீர்களா என்று. இந்தக் கூடுதல் பகுதிக்கு ‘சிவிக் எங்கேஜ்மென்ட் அண்ட் வாலண்டியரிங் சப்ளிமென்ட்’ என்று பெயர், சுருக்கமாக சிஇவி. அமெரிகார்ப்ஸ் என்ற கூட்டாட்சி அமைப்பும் சென்சஸ் பீரோவும் சேர்ந்து நடத்துவது. 2017, 2019, 2021, 2023 என்று நடந்த சுற்றுகளில், 2019 தவிர மற்ற மூன்றின் எண்கள் இந்தக் கட்டுரையில் வரும். 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள்தான் இதில் கணக்கு.

இந்த ஒரு பத்தி தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும். 2022-க்கு என்று யாராவது ஒரு சிஇவி சதவீதம் சொன்னால், அந்த வருடம் கணக்கெடுப்பே நடக்கவில்லை என்று உங்களுக்குத் தெரியும். பத்து வயதுப் பிள்ளைகள் உணவு வங்கியில் டப்பா அடுக்குவது இந்தக் கணக்கில் வராது என்றும் தெரியும்.

முதல் வேலை: மூலத்துக்குப் போங்கள்

செய்திக் கட்டுரையில் ஆரம்பிக்காதீர்கள். தேடுபொறியில் ‘அமெரிகார்ப்ஸ் ஓப்பன் டேட்டா’ என்று தேடினால் அவர்களுடைய திறந்த தரவுத் தளம் வரும். முகவரி ‘டாட் கவ்’ என்று முடிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். அரசுத் தரவை எடுத்து மறுபடி வரைந்து வைத்திருக்கும் தனியார் பக்கங்கள் நிறைய, அவற்றில் ஆண்டு விட்டுப்போயிருப்பது சகஜம்.

அங்கே பெயரில் சிஇவி என்று வரும் தொகுப்புகளைத் தேடுங்கள். நாட்டு அளவில் ஒன்று, மாநில அளவில் ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். வண்ண வரைபடம் கண்ணை இழுக்கும்தான். ஆனால் முதலில் அந்தத் தொகுப்பின் விளக்கப் பகுதியைத் திறந்து ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: எந்த ஆண்டு, எந்த வயது, என்ன கேள்வி, எந்தக் காலத்துக்கான பதில். நான் இன்னமும் இதைக் கையால்தான் எழுதுகிறேன். எழுதும்போதுதான் எது தெரியவில்லை என்பது தெரிகிறது.

அப்புறம் ஃபில்டர், அதாவது வேண்டியதை மட்டும் பிரித்துக் காட்டும் வசதி. ஆண்டை முதலில் தேர்ந்தெடுங்கள். ஆண்டைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் சில பக்கங்களில் எல்லாச் சுற்றுகளும் ஒன்றாகக் கலந்து நிற்கும். அடுத்தது மாநிலம், அதற்கடுத்தது வயது, பாலினம், வீட்டில் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உண்டா போன்ற பிரிவுகள்.

கடைசியாகச் சொன்ன பிரிவு தமிழ்ப் பள்ளிக்காரர்களுக்கு மிக முக்கியம். பிள்ளைகள் உள்ள பெற்றோர் மற்றவர்களைவிட அதிகமாகத் தொண்டு செய்வது சுற்றுக்குச் சுற்று தெரிகிற விஷயம். பள்ளி, விளையாட்டு, சாரணர் இயக்கம் என்று பிள்ளைகளே அவர்களை இழுத்துப் போகிறார்கள். அப்படியிருக்க எங்கள் பெற்றோரை நாட்டின் மொத்த சதவீதத்தோடு ஒப்பிட்டு “பாருங்கள், நாங்கள் அதிகம்” என்றது நியாயமே இல்லை. பெற்றோரைப் பெற்றோரோடுதான் நிறுத்திப் பார்க்க வேண்டும். இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு ஒரு வருத்தமும் ஒரு நிம்மதியும் சேர்ந்தே வந்தன.

கேள்வியை வாய்விட்டுப் படியுங்கள்

இங்கே கொஞ்சம் நின்று போவோம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

சிஇவி இரண்டு விதமான உதவியைத் தனித்தனியாக அளக்கிறது. ஒன்று, ஓர் அமைப்பின் வழியாக, கடந்த பன்னிரண்டு மாதங்களில் சம்பளமில்லாமல் செய்த தொண்டு. ஒருநாள் செய்திருந்தாலும் சரி, வாரந்தோறும் செய்திருந்தாலும் சரி, பதில் ‘ஆம்’ என்றால் அவர் தன்னார்வலர். 2023-இல் இது 28.3 சதவீதம். இன்னொன்று, அமைப்பு எதுவும் இல்லாமல் அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் ஒத்தாசை: வெளியூர் போனால் வீட்டைப் பார்த்துக்கொள்வது, பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வது, ஏணியோ துளைபோடும் கருவியோ இரவல் கொடுப்பது. இதில் 54 சதவீதத்துக்கு மேல் வருகிறது. ஆக, “அமெரிக்கர்களில் எத்தனை பேர் உதவுகிறார்கள்?” என்று கேட்டால் 28-உம் பதில், 54-உம் பதில். எந்தக் கேள்விக்கு என்று சொல்லாத வரை இரண்டுமே பாதிப் பதில்தான்.

முதல் கேள்வியில் ஓர் அழகான நுணுக்கம் உண்டு. ‘இல்லை’ என்று சொன்னவர்களை அப்படியே விட்டுவிடாமல், எப்போதாவது செய்கிற வேலைகளையும் பிள்ளைகளின் பள்ளிக்காகவும் இளைஞர் அமைப்புகளுக்காகவும் செய்கிற வேலைகளையும் மக்கள் தொண்டு என்று நினைப்பதில்லை என்று நினைவூட்டி, அப்படி ஏதாவது செய்தீர்களா என்று மறுபடி கேட்கிறார்கள். இதன் அருமை தமிழ்ப் பள்ளி வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும். “நீங்க இங்க வாலண்டியரா?” என்று ஒரு அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். “இல்லைங்க, பையனைக் கூட்டிட்டு வருவேன், சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமேன்னு வருகைப் பதிவு எடுப்பேன், அவ்வளவுதான்” என்பார். இரண்டு வருடமாக எல்லா ஞாயிறும் வருகைப் பதிவு எடுப்பவர் அவர்! இரண்டாவது முறை கேட்கும் கணக்கெடுப்பில் அவர் உள்ளே வருவார்; ஒரே முறை கேட்டு முடிக்கும் கணக்கெடுப்பில் வெளியே போவார். ஆள் ஒருவரேதான், எண் மட்டும் மாறுகிறது.

ஒத்தாசைக் கேள்வியிலும் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. அந்தக் கேள்வி அக்கம்பக்கத்தாரைப் பற்றியது. நாம் செய்கிற ஒத்தாசை பெரும்பாலும் தெருவோடு நிற்பதில்லை. ஊரிலிருந்து புதிதாக வந்த குடும்பத்தை விமான நிலையத்தில் போய்க் கூட்டி வருவது, முதல் வாரத்துக்கு அரிசி பருப்பு வாங்கி வைப்பது, பிரசவமான வீட்டுக்கு முறைவைத்துப் பத்தியச் சாப்பாடு கொண்டுபோவது என்று இருபது மைல் தள்ளி இருக்கும் தெரிந்தவருக்காகத்தான் ஓடுகிறோம். ‘அக்கம்பக்கம்’ என்று கேட்டால் நம்மில் பலர் மனத்தில் அடுத்த வீட்டு வெள்ளைக்காரத் தாத்தாதான் வருவார். அவருக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று ‘இல்லை’ சொல்லிவிடுவோம். புலம்பெயர்ந்த சமூகங்களின் உதவி இந்தக் கேள்வியில் எவ்வளவு சிக்குகிறது, எவ்வளவு நழுவுகிறது என்பதை இந்த எண்ணை எடுக்கும்போதெல்லாம் யோசிக்க வேண்டும்.

சதவீதம், ஆள், மணி நேரம், டாலர்

டேஷ்போர்டில் நான்கு வகை எண்கள் வரிசையாக நிற்கும். முதலில் ஒரு சின்ன எச்சரிக்கை. அமெரிக்கத் தளங்கள் மில்லியன், பில்லியனில் பேசும்; நாம் தமிழில் எழுதும்போது லட்சம், கோடிக்கு மாற்றுவோம். ஒரு மில்லியன் பத்து லட்சம். ஒரு பில்லியன் நூறு கோடி. சங்க மலர்களில் இந்த இடத்தில் ஒரு சைபர் கூடுவதையோ குறைவதையோ அடிக்கடி பார்க்கிறேன். மாற்றி எழுதியதை இன்னொருவரிடம் கொடுத்துச் சரிபார்த்துவிடுங்கள்.

அமைப்பு வழித் தொண்டின் மூன்று சுற்றுகளை எடுத்துக்கொள்வோம்.

2017: 30.3 சதவீதம், சுமார் 7.73 கோடிப் பேர், 690 கோடி மணி நேரம், மதிப்பு சுமார் 16,700 கோடி டாலர்.
2021: 23.2 சதவீதம், 6.07 கோடிப் பேர், 410 கோடி மணி நேரம், 12,290 கோடி டாலர்.
2023: 28.3 சதவீதம், 7.57 கோடிப் பேர், 499 கோடி மணி நேரம், 16,720 கோடி டாலர்.

டாலரை மட்டும் பார்ப்பவர் “2017-இல் இருந்த இடத்துக்குத் திரும்பிவிட்டோம்” என்பார். 16,700, 16,720, அச்சு அசல் ஒரே தொகை. மணி நேரத்தைப் பார்ப்பவருக்கு வயிறு கலங்கும்: ஏறத்தாழ 190 கோடி மணி நேரத்தைக் காணோம். இரண்டும் ஒரே டேஷ்போர்டு சொல்வதுதான். என்ன நடந்தது?

மணி நேரத்தை டாலராக்க ஒரு விலை வேண்டும். ஒரு மணி நேரத் தொண்டுக்கு என்ன மதிப்பு என்று ‘இன்டிபென்டன்ட் செக்டர்’ என்ற அமைப்பு ஆண்டுதோறும் ஒரு தொகையை அறிவிக்கிறது. ஊழியர்களின் சராசரிக் கூலியை அடிப்படையாகக் கொண்டது அது. 2023-க்கு அது 33.49 டாலர். 499 கோடியை அதால் பெருக்கிப் பாருங்கள், 16,700 கோடிக்குப் பக்கத்தில் வரும். 2017-இன் தொகையை மணி நேரத்தால் வகுத்தால் மணிக்குச் சுமார் 24 டாலர்தான். கூலி ஏறியதால் டாலர் மதிப்பு ஏறியிருக்கிறது, உழைப்பு ஏறவில்லை. அதனால் இரண்டு வருடங்களை ஒப்பிடும் இடத்தில் டாலர் எண்ணைப் பயன்படுத்தாதீர்கள். நிதி கேட்கும் கடிதத்தில் ஒரே வருடத்தின் மதிப்பைச் சொல்ல அது உதவும், அவ்வளவுதான்.

அடுத்து மணி நேரத்தை ஆளால் வகுத்துப் பாருங்கள். 2017-இல் ஒரு தன்னார்வலருக்குச் சுமார் 89 மணி நேரம். 2021-இல் 68. 2023-இல் 66. அதாவது பெருந்தொற்றுக் காலத்தில் விலகிப் போனவர்களில் பெரும்பங்கு எண்ணிக்கை திரும்பி வந்துவிட்டது, ஆனால் ஒவ்வொருவரும் கொடுக்கும் நேரம் திரும்பவில்லை. இது நான் போட்ட வகுத்தல். எவரும் இரண்டு நிமிடத்தில் போடலாம். இதை வெளியே சொல்வதற்கு முன் அந்தந்தச் சுற்றின் வினாத்தாளை எடுத்து மணி நேரத்தை எப்படிக் கேட்டார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆனாலும் பள்ளி நடத்துபவர்களுக்கு இது நெஞ்சில் தைக்கிற எண். ஆசிரியர் பட்டியலில் பெயர்கள் குறையவில்லை, ஆனால் வருடம் முழுக்க ஒரு வகுப்பைச் சுமக்க ஆள் கிடைக்கவில்லை என்று நாங்கள் கூட்டத்துக்குக் கூட்டம் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் பள்ளியில் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தோம்.

சதவீதத்தையும் ஆள் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பதும் பழக வேண்டியது. 2017-க்கும் 2023-க்கும் நடுவே ஆள் எண்ணிக்கை கொஞ்சம்தான் குறைந்தது. சதவீதமோ இரண்டு புள்ளி இறங்கியது. இடையில் மக்கள்தொகை வளர்ந்திருக்கிறது, அதுதான் காரணம்.

இன்னொரு சொல்லாடலையும் கவனியுங்கள். 2021-க்கும் 2023-க்கும் நடுவே தொண்டு “22 சதவீதம் வளர்ந்தது” என்று படிப்பீர்கள். “5 சதவீதப் புள்ளி ஏறியது” என்றும் படிப்பீர்கள். 23.2 என்பது 28.3 ஆனது, வித்தியாசம் 5.1 புள்ளி. அந்த 5.1, பழைய 23.2-இல் சுமார் 22 சதவீதம். இரண்டும் சரி. ஆனால் ‘22 சதவீதம்’ என்பதை மட்டும் தலைப்பில் போட்டால், நாட்டில் 22 சதவீதம் பேர் புதிதாகச் சேர்ந்துவிட்டார்கள் என்று வாசகர் நினைத்துக்கொள்வார்.

வரைபடத்தில் கோடு எங்கே நிற்க வேண்டும்

2002 முதல் 2015 வரை தொண்டு பற்றி மட்டும் கேட்கிற ஒரு தனிக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் நடந்தது. தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் அதன் முடிவுகளை வெளியிடும். 2015-இல் அது சொன்ன எண் 24.9 சதவீதம். 2017-இல் தொண்டுக் கேள்விகளையும் குடிமைப் பங்கேற்புக் கேள்விகளையும் ஒன்றாகச் சேர்த்து சிஇவி என்று புதிதாக அமைத்தார்கள், எண் 30.3. இரண்டே வருடத்தில் ஐந்து புள்ளிக்கு மேல் ஏற்றம்! நாட்டில் திடீரென்று அவ்வளவு பேர் மனம் மாறினார்களா, அல்லது கேள்வித்தாள் மாறியதால் எண் மாறியதா? இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் வெறும் எண்ணைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே 2015-ஐயும் 2017-ஐயும் ஒரே கோட்டால் இணைத்து வரையாதீர்கள். இடையில் ஒரு வெட்டு விட்டு, இங்கே கணக்கெடுப்பு மாறியது என்று கீழே ஒரு வரி எழுதுங்கள்.

2021 சுற்றுக்கும் இதே மாதிரி ஒரு குறிப்பு வேண்டும். அது 2020 செப்டம்பர் முதல் 2021 செப்டம்பர் வரையிலான காலத்தைப் பற்றியது. பள்ளிகளும் கோவில்களும் மூடிக்கிடந்த காலம். அதைத் தொடக்கப் புள்ளியாக வைத்து எந்த வளர்ச்சியைக் காட்டினாலும் அது பெரிதாகத்தான் தெரியும்.

மாநிலத் தரவரிசை

வரைபடத்தில் எல்லாரும் முதலில் தேடுவது தங்கள் மாநிலத்தை. 2023-இல் யூட்டா 46.6 சதவீதத்தோடு முதலிடம். முந்தைய சுற்றுகளிலும் அதுதான் முன்னால். மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபைக் கட்டமைப்பு அந்த மாநிலத்தில் எவ்வளவு ஆழமானது என்று தெரிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது; அங்கே சபை வேலைகளைச் செய்வது சம்பளமில்லாத சாதாரண மக்கள்தான்.

யூட்டாவுக்கும் மற்றவற்றுக்கும் உள்ள இடைவெளி பெரியது, நம்பலாம். நடுவில் நெருக்கியடித்து நிற்கும் மாநிலங்களின் வரிசையை நம்ப வேண்டாம். இது சிலரிடம் மட்டும் கேட்டு எல்லாருக்கும் கணக்கிடுகிற மாதிரிக் கணக்கெடுப்பு. ஒரு மாநிலத்தில் ஆயிரம் பேரிடம் கேட்டு 30 சதவீதம் என்று வந்தால், உண்மை 27-ஆகவும் இருக்கலாம், 33-ஆகவும் இருக்கலாம். இரண்டு மாநிலங்கள் 28, 29 என்று இருந்தால், எது முன்னால் என்று சொல்ல அந்தத் தரவுக்கு வலிமை இல்லை. தரவிறக்கிய கோப்பில் பிழை எல்லை கொடுத்திருந்தால் அந்த நெடுவரிசையையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நம் மாநிலம் 21-ஆம் இடத்திலிருந்து 17-க்கு வந்துவிட்டது என்று மகிழ்வதற்கு முன்பு அது உதவும்.

உங்கள் ஊருக்கென்று ஒரு எண்ணைத் தேடினால் கிடைக்காது. சிறு நகரங்களுக்கு மாதிரி போதாது. தமிழர்களுக்கென்றும் கிடைக்காது; டேஷ்போர்டில் ‘ஆசியர்’ என்ற ஒரே கூடைக்குள் சீனர், பிலிப்பினோ, வியட்நாமியர், நாம் எல்லாரும் இருக்கிறோம். அந்தக் கூடையின் எண்ணை எடுத்துத் தமிழர்களைப் பற்றி எழுதுவது தவறு. இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் நல்ல எண்ணத்தோடுதான் அப்படி எழுதுகிறார்கள்.

வாக்கு, பொதுக்கூட்டம், பள்ளி வாரியம்

குடிமைப் பங்கேற்பு என்றதும் வாக்குச் சதவீதம்தான் நினைவுக்கு வரும். அதற்கு சென்சஸ் பீரோவின் வேறொரு கணக்கெடுப்பு இருக்கிறது. இரட்டைப்படை வருடங்களில் நவம்பர் தேர்தலை ஒட்டி நடப்பது. 2020-இல் 66.8 சதவீதம், 2024-இல் 65.3 சதவீதம் பேர் வாக்களித்ததாகச் சொன்னார்கள். இங்கே கீழே இருக்கும் எண்ணிக்கையை, அதாவது எத்தனை பேரில் இத்தனை சதவீதம் என்பதைப் பாருங்கள்: 18 வயது நிரம்பிய குடிமக்கள் மட்டும். எச்1பி-யிலும் கிரீன் கார்டிலும் இருக்கிறவர்கள் இதற்குள் இல்லை. சிஇவி-யில் தொண்டுக் கேள்விக்கு அப்படிக் கட்டுப்பாடு இல்லை. குடியுரிமை பெறாதவர்களும் அதில் உண்டு. இரண்டு சதவீதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

குடியுரிமைக்காகப் பல வருடங்கள் காத்திருக்கும் குடும்பங்கள் நிறைந்த நம் சமூகத்துக்கு, சிஇவி-யின் வேறு சில கேள்விகள் அதிகப் பொருத்தம். பொதுக் கூட்டத்துக்குப் போனீர்களா? ஒரு அரசுப் பொறுப்பாளரைத் தொடர்புகொண்டு கருத்துச் சொன்னீர்களா? அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து உங்கள் பகுதிக்கு ஏதாவது நல்லது செய்தீர்களா? ஏதாவது குழுவில் உறுப்பினரா? அறப்பணிக்கு 25 டாலராவது கொடுத்தீர்களா? இவை எதற்கும் வாக்காளர் அட்டை தேவையில்லை. பள்ளி வாரியக் கூட்டத்தில் தமிழை உலக மொழிப் பாடமாக ஏற்கும்படி பேச எழுந்து நிற்கும் ஒரு பெற்றோர், வாக்குச் சதவீதத்தில் எங்கும் தெரிய மாட்டார். இந்தக் கேள்விகளில் தெரிவார்.

நாடு விட்டு நாடு தாவும்போது

இது அடிக்கடி நடக்கும் தவறு என்பதால் ஒரு எடுத்துக்காட்டு. இந்தியாவின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத தன்னார்வப் பணி, சம்பளமில்லாத பயிற்சி போன்றவற்றில் ஈடுபட்டவர்கள் 2.4 சதவீதம். அமெரிக்காவில் 28.3. இந்த இரண்டையும் ஒட்டி “இந்தியர்களுக்குத் தொண்டு மனப்பான்மை இல்லை” என்று பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன்.

இந்தியக் கணக்கெடுப்பு கேட்டது ஒரே ஒரு நாளைப் பற்றி: முந்தைய நாள் அதிகாலை 4 மணியிலிருந்து 24 மணி நேரம் என்ன செய்தீர்கள் என்று. ஆறு வயதுப் பிள்ளையிலிருந்து கணக்கு. அமெரிக்கக் கணக்கெடுப்பு கேட்டது ஒரு வருடத்தைப் பற்றி, 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம். வருடத்தில் பத்து நாள் கோவில் அன்னதானத்தில் பரிமாறும் ஒருவர் அமெரிக்கக் கேள்விக்குக் கட்டாயம் ‘ஆம்’. இந்தியக் கேள்வியில், கணக்கெடுப்பு நாள் அந்தப் பத்தில் ஒன்றாக அமைந்தால் மட்டும் ‘ஆம்’. ஒரு நாள் எண்ணை ஒரு நாள் எண்ணோடு வையுங்கள். அமெரிக்காவிலும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இருக்கிறது, அதை எடுங்கள்.

கனடாவிலும் ஒரு வித்தியாசம்: அங்கே 15 வயதிலிருந்து கணக்கு. ஒன்டாரியோவில் உயர்நிலைப் பள்ளிப் பட்டம் வாங்க 40 மணி நேரச் சமூகப் பணி கட்டாயம். டொராண்டோவில் உறவினர் இருந்தால் அந்த 40 மணி நேரத்துக்காகப் பிள்ளைகள் அலைவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பதின்வயதினர் எண்ணைப் பார்க்கும்போது அது மனத்தில் இருக்கட்டும்.

எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

டேஷ்போர்டு நிரந்தரம் இல்லை. 2025 ஏப்ரலில் அமெரிகார்ப்ஸ் ஊழியர்களில் பெரும்பகுதியினர் திடீரென்று விடுப்பில் அனுப்பப்பட்டார்கள், சுமார் 40 கோடி டாலர் நிதியுதவிகளும் நிறுத்தப்பட்டன. அந்த வாரம் நான் செய்த முதல் வேலை, எங்களுக்குத் தேவையான தொகுப்புகளை எல்லாம் தரவிறக்கியது. சிஎஸ்வி கோப்பாக எடுங்கள், எக்செலில் திறக்கும். கோப்பின் பெயரிலேயே எடுத்த தேதியைச் சேர்த்துவிடுங்கள். அதே கோப்புறையில் அந்தச் சுற்றின் வினாத்தாளையும் விளக்கக் குறிப்பையும் போட்டு வையுங்கள். வினாத்தாள் இல்லாத எண் கொஞ்ச நாளில் வெறும் எண்ணாகிவிடும். பழைய சுற்றுகளுக்கு சென்சஸ் பீரோவின் தளத்திலும், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஐபம்ஸ் தொகுப்பிலும் தனிநபர் அளவிலான பதிவுகள் பெயரில்லாமல் கிடைக்கும். புள்ளியியல் படித்த ஒருவர் உங்கள் சங்கத்தில் இருந்தால் அவரிடம் சொல்லுங்கள்.

வாக்கியத்தை எழுதுங்கள், பிறகு நீங்களே கேளுங்கள்

இத்தனையும் சேர்த்து ஒரு வாக்கியம் இப்படி வரும்: “சென்சஸ் பீரோவும் அமெரிகார்ப்ஸும் 2023 செப்டம்பரில் நடத்திய கணக்கெடுப்பின்படி, 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 28.3 சதவீதம் பேர் முந்தைய 12 மாதங்களில் ஓர் அமைப்பின் வழியாகத் தொண்டு செய்திருக்கிறார்கள்.” நீளம்தான். ஆனால் அந்த அம்மையார் இதைப் படித்தால் கேட்க ஒன்றும் இருக்காது.

நம் பக்கத்து எண்ணுக்கு என்ன செய்வது? அதே கேள்வியை நாமே கேட்க வேண்டியதுதான். அடுத்த விண்ணப்பத்துக்கு முன்பு, சேர்க்கைப் படிவத்தோடு ஒரு அரைப் பக்கத் தாளைப் பெற்றோரிடம் கொடுத்தோம். பெயர் எழுத வேண்டாம் என்று மேலேயே போட்டோம். வீட்டுக்கு ஒரு தாள் என்று கொடுத்தால் அப்பா மட்டும் நிரப்பி அம்மாவின் உழைப்பு விட்டுப்போகும் என்பதால், பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தாள். எத்தனை தாள் கொடுத்தோம், எத்தனை திரும்பி வந்தது என்று இரண்டையும் குறித்து வைத்தோம். செய்கிறவர்கள்தான் ஆர்வமாகத் திருப்பித் தருவார்கள், அதனால் திரும்பி வராத தாள்களின் எண்ணிக்கையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தாளில் இருந்தது இவ்வளவுதான். எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்:

1. கடந்த 12 மாதங்களில் ஏதாவது ஓர் அமைப்புக்காகச் சம்பளமில்லாமல் தொண்டு செய்தீர்களா? எந்த அமைப்பாக இருந்தாலும் சரி, ஒருமுறை செய்திருந்தாலும் சரி.

2. ‘இல்லை’ என்றால்: பிள்ளைகளின் பள்ளிக்காகவோ விளையாட்டுக் குழுவுக்காகவோ எப்போதாவது செய்யும் வேலைகளைப் பலர் தொண்டு என்று நினைப்பதில்லை. அப்படி ஏதாவது செய்தீர்களா?

3. இந்த 12 மாதங்களில் மொத்தம் சுமார் எத்தனை மணி நேரம்?

4. நீங்களும் உங்கள் அக்கம்பக்கத்தாரும் ஒருவருக்கொருவர் ஒத்தாசை செய்துகொள்வது உண்டா?

5. பக்கத்தில் இல்லாத, வேறு ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு அப்படி உதவினீர்களா? (இது நாங்கள் சேர்த்த கேள்வி. இதன் பதிலை நாட்டுக் கணக்கோடு ஒப்பிடக் கூடாது.)